கல்லுக்கு ஒரு வரி

விப்கே: உங்க யுனிவர்சிட்டி ரூம்ல இந்தக் கரும்பலகையை இன்னுமா துடைக்கல?

ஹென்னர்: ஆன்ஸ்கர் எழுத்து. ஓரத்துல 'அழிக்காதீங்க'ன்னு எழுதியிருக்கான் பாரு. சுத்தம் பண்ண வர்றவங்க அதைச் சுத்தித்தான் துடைச்சுட்டுப் போறாங்க.

விப்கே: அவர் போயி ஆறு வாரம் ஆச்சு. வீட்டுல என் புருஷன் எழுத்துக்கு இந்த மரியாதை கிடைச்சதே இல்ல... சரி, பேச்சை மாத்தாதே. கல் செதுக்கறவர் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கார். கல்லறைக் கல்லுக்கு வரியைச் சொல்லு.

ஹென்னர்: பேரும் வருஷமும் போதுமே.

விப்கே: இந்தக் கோட்டிங்கன் ஊர்ல ஒரு கணிதப் பேராசிரியர் கல்லுல வெறும் பேரா? நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமையானா கல்லறைக்குப் போயி, யார் கல்லுல இருக்கற சூத்திரம் உசத்தின்னு சண்டை போட்டவங்கதானே.

ஹென்னர்: சின்ன வயசு.

விப்கே: போன வருஷம்.

ஹென்னர்: சரி, போன வருஷம்தான்.

விப்கே: அவரே ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனார். பையில இருக்கு. ஆனா உன்னைக் கேட்காம செதுக்கக் கூடாதாம். முதல்ல நீ சொல்லணுமாம்.

ஹென்னர்: அந்தத் தேற்றமா? எங்க ரெண்டு பேரோடதா?

விப்கே: வேற என்ன வெச்சிருக்கார், போறப்போ எடுத்துட்டுப் போக?

ஹென்னர்: அது... ரொம்ப நீளம், விப்கே. கல்லு தாங்காது.

விப்கே: முப்பது வருஷமா டைப் அடிச்சுக் கொடுத்தவகிட்ட அளக்காதே. ஒரே வரி. 'எல்லாப் பகா எண்களுக்கும்'னு முடியும். தொண்ணூறு பக்க நிரூபணம். வியாழனுக்கு வியாழன் ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, மூணு மூணு பக்கமா சரிபார்த்தது நீ.

ஹென்னர்: நல்லா சாப்பிடுவான் அன்னைக்கு மட்டும்.

விப்கே: ஆமா. பிளம் கேக்கை ரெண்டு துண்டு. மத்த நாளெல்லாம் கஞ்சிக்கே கெஞ்சணும்... ஹென்னர், என்னைப் பாரு. அந்த வரி சரியா?

ஹென்னர்: கல்லு ரொம்ப காலம் இருக்கும். நாளைக்கு யாராவது பசங்க வந்து படிச்சுட்டு...

விப்கே: சரியான்னு கேட்டேன்.

ஹென்னர்: பன்னெண்டாம் பக்கத்துல ஒரு இடம். எங்க கணக்குல ஒரு சமச்சீர் மாற்றம் இருக்கு, கண்ணாடியில பார்க்கற மாதிரி. அதுல பார்த்தா மாறாத பாதி ஒண்ணு, தலைகீழாகற பாதி ஒண்ணுன்னு பிரிப்போம். பிரிக்க என்ன பண்ணுவோம்? கூட்டி, இரண்டால வகுப்போம்.

விப்கே: அதுல என்ன வம்பு? இரண்டாலதானே.

ஹென்னர்: அப்படித்தான் எங்க கையும் நினைச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனித்தனியா ஒரு கணக்கு உலகம், கடிகாரம் மாதிரி அந்த எண் வந்ததும் மறுபடி பூஜ்யத்துல ஆரம்பிக்கும். ஐந்தோட உலகத்துல ஐந்துதான் பூஜ்யம். ஏழோட உலகத்துல ஏழு. இரண்டோட உலகத்துல...

விப்கே: இரண்டு பூஜ்யம்.

ஹென்னர்: பூஜ்யத்தால வகுத்திருக்கோம். முதல் வருஷப் பசங்களை நாங்க திட்டற தப்பு.

விப்கே: ஒரே ஒரு எண்ணுதானே போச்சு.

ஹென்னர்: அவன் முப்பது வருஷம் துரத்தின கேள்விக்கு அந்த ஒரு எண்ணுதான் வேணும். மத்ததெல்லாம் நிக்குது. அவன் ஆசைப்பட்டது நிக்கல.

விப்கே: எப்போ பார்த்தே?

ஹென்னர்: அக்டோபர்ல. பன்னெண்டாம் பக்கத்துல.

விப்கே: நீ மார்ச் வரைக்கும் வந்தியே.

ஹென்னர்: வந்தேன். ஒவ்வொரு வாரமும் 'மூணு பக்கம் சரி'ன்னேன். அவன் தலையாட்டுவான், கேக் கேட்பான். எப்படிச் சொல்லச் சொல்றே? அதை நம்பித்தான் உசுரோட இருக்கான்னு நினைச்சேன். திட்டறதா இருந்தா திட்டு. ஆனா அந்த வரியை மட்டும் கல்லுல ஏத்தாதே.

விப்கே: இந்தா. பிரிச்சுப் படி.

ஹென்னர்: அவன் எழுத்துதான்... 'இரண்டைத் தவிர எல்லாப் பகா எண்களுக்கும்'... விப்கே, இது எப்போ எழுதினது?

விப்கே: கீழே தேதி போட்டிருக்கார்.

ஹென்னர்: செப்டம்பர்... எனக்கு முன்னாடியேவா? அப்புறம் ஏன் வாராவாரம் தலையாட்டினான்?

விப்கே: என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார், ஹென்னர். 'அவன்கிட்ட சொல்லிடாதே. தப்புன்னு தெரிஞ்சா சரிபார்க்கறது அன்னைக்கோட முடிஞ்சுடும். அப்புறம் வியாழக்கிழமை என்னைப் பார்க்க அவன் என்ன சாக்குச் சொல்லிட்டு வருவான்'னார்.