முன் வரிசையில் உட்கார்ந்தவர்

இல்லல்ல, கிண்ணத்தத் தள்ளி வைக்காதீங்க சார். சாவுக்கு வந்தவங்க சாப்பிடாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? இது நான் போடற சாப்பாடு இல்ல. என் மக தாசோம் போடறது, அவளோட கடைசி விருந்து. அவ படத்துக்கு ரெண்டு தடவ விழுந்து கும்பிட்டீங்கள்ல, அப்ப இதையும் குடிங்க. காரமா? மாட்டுக்கறி சூப் காரமாத்தான் இருக்கும். சோத்த அதுலயே போட்டுக்குங்க.

உங்கள எனக்கு எப்படித் தெரியும்னா? உங்க பேரு தெரியாதவங்க எங்க வீட்ல யாரு? உங்க நாடக விமரிசனம் வர்ற அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போனும் கையுமா உக்காந்திருப்பா. வருஷக்கணக்கா மேடையில நடிச்சும் அவளுக்கு உங்ககிட்டேருந்து ஒரே வரிதான். தாசோமும் குறை வைக்கவில்லைன்னு. பக்கத்து வீட்டுக்காரி ஊறுகாயப் பத்திக்கூட நாங்க இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லுவோம் சார்.

அப்புறம்தான் இந்தப் பஞ்சத்து நாடகம். புள்ளைங்களுக்குக் கஞ்சிய ஊத்திட்டுத் தான் பட்டினி கெடந்து சாகற அம்மா வேஷம் அவளுக்கு. மொதத் தடவ வந்தீங்க, பழைய வரியே. ரெண்டாந்தடவ வந்தீங்களே, அன்னைக்கு அவளுக்கு என்னன்னு தெரியுமா? பச்சச் சிப்பி தின்னுட்டு வயித்தால போய்க்கிட்டிருந்துது. தண்ணிகூட உள்ள நிக்கல. போகாதடின்னேன். கேட்டாதானே. கன்னம் ஒட்டி, கை நடுங்க மேடையில நின்னா. நீங்க முன் வரிசை. அந்த நிலவறை அரங்குல முன் வரிசைக்காரன் முழங்கால் மேடையில இடிக்கும். அவ நெஞ்செலும்ப எண்ணியே இருப்பீங்க.

நீங்க எழுதுனது எனக்கு மனப்பாடம். வசனத்தை உதறிவிட்டு உடலால் பேசும் நடிகை நமக்குக் கிடைத்துவிட்டாள்.

சிரிங்க, பரவால்ல, நானும் சிரிச்சேன். வயித்தால போனதுக்கு இப்படி ஒரு பாராட்டாடின்னு கேட்டேன். அவ சிரிக்கல. இத்தன வருஷமா நான் சோத்தத் தின்னுட்டு நடிச்சிருக்கேம்மா, அதான் தப்புன்னா.

அதுலேருந்து டிக்கெட் கிடைக்கல. ரசிகருங்க பூவளையத்துக்குப் பதிலா அரிசி மூட்டையா அனுப்புவாங்கள்ல, இல்லாதவங்களுக்குக் குடுக்கச் சொல்லி? அரங்கத்துப் படி பூரா அடுக்கி வச்சிருந்தாங்க. மூட்டைக்கு மூட்டை ரிப்பன்ல அவ பேரும், கீழ உங்க வரியும். வெள்ளரிக்காய் ஒண்ணத் தின்னுட்டு அந்த அரிசியத் தாண்டித்தான் தினம் உள்ள போவா.

நான் எலும்பு சூப் கடை வச்சிருக்கேன் சார். ஊருக்கே ஊத்தறவ. அந்த வாசனை வரக் கூடாதுன்னு அவ ரூம் கதவ இறுக்கிச் சாத்திக்கிட்டா. நீங்க மறுபடி வந்தீங்க, இன்னும் ஒளிர்கிறாள்னு எழுதுனீங்க. போன திங்கக்கெழம குளியலறையில விழுந்து கெடந்தா. நெஞ்சு நின்னுபோச்சு. நான் ஒருத்தியே தூக்குனேன். எனக்கு மூச்சுக்கூட வாங்கல.

உங்களக் குத்தம் சொல்லல. கண்ணுல பட்டத எழுதுனீங்க. ஆனா நாளைக்கு அஞ்சலி எழுதப் போறீங்களாமே, டைரக்டர் சொன்னாரு. கலைக்காக உடலையே கொடுத்தவள்னு எழுத வேணாம். கெஞ்சிக் கேக்கறேன். சிப்பி தின்னத எழுதுங்க. வயித்தால போனத எழுதுங்க. உங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னும் எழுதுங்க. அவளுக்கு அவமானமா? செத்தவளுக்கு என்ன சார் அவமானம். உங்களுக்குத்தான்.

அழாதீங்க. சூப்பு ஆறுது.

நாடகம் நிக்கலியே சார், அதுக்குத்தான் சொல்றேன். அடுத்த மாசம் திரும்ப ஆரம்பிக்கறாங்க. அந்த வேஷம் எங்க சின்னவளுக்கு. அதே முகஜாடைன்னு டைரக்டர் கேட்டாரு, அக்கா பேரக் காப்பாத்தறேன்னு இவ ஒத்துக்கிட்டா. அதோ, கறுப்பு உடுப்புல தட்டெடுத்துட்டு வர்றாளே, உருண்டக் கன்னம், அவதான். பொரா. நேத்துலேருந்து வாயில ஒண்ணும் வைக்கல. துக்கம்னு நெனச்சேன். கொஞ்சம் முன்னாடி நீங்க வாசல்ல ஷூவக் கழட்டறதப் பாத்துட்டு ஓடி வந்து என் காதுல கேக்கறா, அம்மா, நான் இன்னும் குண்டாத்தான் தெரியறேனான்னு.