சிவப்புப் பூச்சு

மாவைப் பிசைந்ததும் ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு அச்சில் வெட்டினால் ஓவனில் முனைகள் இளகிவிடும். எது நட்சத்திரம், எது பூ என்றே தெரியாது. பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை ஏது? "ஆச்சா அத்தை, ஆச்சா அத்தை" என்று ஃபிரிட்ஜ் கதவைப் பிய்த்தெடுத்துவிடுவார்கள்.

என்னைப் பிஸ்கட் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிற வீடுகள் அதிகம். பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். போன விடுமுறையில் ஏழு பேர். காலையில் மாவு பிசைவோம், வெட்டுவோம், சுடுவோம். ஆறியதும் சர்க்கரைத் தூளைப் பாலில் குழைத்து நிறம் கலந்து கிண்ணங்களில் வைப்பேன். பச்சை, மஞ்சள், நீலமெல்லாம் அவர்கள் பூசுவார்கள். மேசை, சட்டை, தலைமுடி, ஒன்றும் மிஞ்சாது. சிவப்பை மட்டும் நான் பூசுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம்.

சிவப்புக் கிண்ணத்தில் பாலுக்குப் பதிலாகச் சளி மருந்து ஊற்றியிருப்பேன். குடித்தால் தூக்கம் வருகிற மருந்து. அதுவும் சிவப்புதான், இனிப்புதான். நிறம் சேர்க்கிற வேலைகூட இல்லை.

முதல் தடவை எனக்குத் தலைவலி, உண்மையாகவே தாங்க முடியாத தலைவலி. ஒரு நாள்தானே என்று செய்தேன். ஏழு பேரும் பாயில் வரிசையாகத் தூங்கினார்கள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் எனக்குத் தலை வலிக்கவில்லை. ஆனாலும் செய்தேன். அவர்கள் தூங்கிய அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்லக் கூசுகிறது. ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது மாடியில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஏழு வயது. பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள், வாயாடி என்றே பெயர். சின்னவனுக்கு மூன்று. உருண்டை என்று கூப்பிடுவோம். ஒரு மாலை அவள் படியில் நின்று கேட்டாள்.

"அக்கா, வீட்ல இவனத் தூங்க வைக்கிறதுக்குள்ள என் உயிரே போயிடுது. நீங்க என்ன மந்திரம் போடுறீங்க?"

"எல்லாம் பழக்கம்தான்மா. சரியான நேரத்துக்குப் படுக்கப் போடணும்."

"உங்க கைராசி அக்கா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் வாக்குமூலத்துக்கே அர்த்தமில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

உருண்டைக்கு எப்போதும் அரை நட்சத்திரம்தான் கொடுப்பேன். அது நடந்த அன்றும் அப்படித்தான். ஆனால் அவனுக்குச் சிவப்பென்றால் உயிர். தம்பி அழுதான் என்று வாயாடி தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள். அதோடு நிற்காமல், பிஸ்கட் மேல் ஒட்டுகிற வெள்ளி உருண்டைகளை மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்து, இன்னும் மூன்று சிவப்பு வாங்கி அவனுக்கு ஊட்டியிருக்கிறாள்.

நாலு மணிக்கு எல்லோரையும் எழுப்பினேன். அவன் எழுந்திருக்கவில்லை. தலையணை நனைந்திருந்தது. தூக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சு அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். வயிறு முட்ட இனிப்பு தின்ற பிள்ளை என்று எல்லோரும் அதோடு விட்டார்கள். வாந்தி வந்தால் எந்தப் பிள்ளையும் விழித்து அழும். இவன் ஏன் விழிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் அவர்களோடு நின்று அழுதேன். அழுகை பொய்யில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் அம்மா பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வாயாடி பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

"வாயத் தொறந்தா, நான்தான் தம்பியக் கொன்னேன்னு மட்டும்தான் சொல்றா அக்கா. நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டோம். நீங்க சொன்னா கேப்பா."

பிள்ளை என்னையே பார்த்தாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அவளை மடியில் உட்கார வைத்துத் தலையைத் தடவினேன்.

"நீ தெரியாமதானே கண்ணு குடுத்த? வேணும்னேவா குடுத்த?" என்றேன்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை" என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சாப்பாட்டையும் குறைத்துவிட்டாளாம். போன வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். யாரும் கூட்டிவரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அவன் எத்தனை தின்றான் என்று பார்க்கவில்லை என அன்று எல்லோரிடமும் சொன்னேன். பார்த்தேன். இரண்டு கன்னமும் வாயும் சிவப்பாக, எதிரில் தட்டு காலியாக இருந்தது. எண்ணிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத் தூங்குவான் என்று நினைத்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அவள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. சொல்லும்போது, அத்தை வேண்டுமென்று செய்யவில்லை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவள் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வாள்.