பொலிசை வென்றவர்

“மச்சான், நான் பொலிசை வழக்கில வெண்டிட்டன்!”

எண்பதுகளில் ஒரு மாலை, சூரிச் ட்ராமில் எனக்கு முன்னால் இருந்த மீசைக்காரர் சொன்னது இது. பக்கத்தில் இருந்த நண்பர் பயந்துபோய்ச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“மெல்லக் கதை. என்ன வழக்கு?”

“சிவப்பு விளக்குக்குச் சைக்கிளை நிப்பாட்டேல்லையெண்டு ஒரு பொலிஸ்காரன் தண்டம் எழுதினவன். நான் நிப்பாட்டினனான். தண்டம் கட்டேலாதெண்டு மறுத்தன், கோட்டுக்குக் கூப்பிட்டவை.”

“பொலிஸ்காரனும் வந்தவனோ?”

“ஓம். கண்டவுடனை நான் ஊர்ப் பழக்கத்தில எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிண்டிட்டன். நீதவான் சொல்லுறார், ‘இருங்கோ, அவரும் இங்க சாட்சிதான்’ எண்டு!”

“நீதவான் பொலிசின்ர ஆளில்லையோ?”

“ஒருத்தற்றை ஆளுமில்லை. சட்டம் எழுதிறது ஒரு பகுதி, பிடிக்கிறது ஒரு பகுதி, தீர்ப்புச் சொல்லுறது வேற பகுதி. ஒருத்தன்ர கதிரையில மற்றவன் இருக்கேலாது. நீதவான் பொலிஸ்காரனைக் குடைஞ்சு குடைஞ்சு கேட்டார். கடைசியில, தான் நிண்ட இடத்திலயிருந்து விளக்கே தெரியாதெண்டு அவனே ஒத்துக்கொண்டான்!”

அடுத்த தரிப்பில் சீருடையோடு ஒருவர் ஏறி, டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நண்பர் சட்டென்று எழும்பினார். மீசைக்காரர் அவரைக் கையில் பிடித்து இழுத்து இருத்தினார்.

“இரடாப்பா. அவருக்கு டிக்கெட் பாக்கிற அதிகாரம் மட்டும்தான்.”

இருவரும் இருந்தபடியே டிக்கெட்டை நீட்டினார்கள். சீருடைக்காரர் குனிந்து பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.