இரண்டு குழாயும் சிவந்த நாள்

“அண்ணே, ரெண்டு டியூபும் செங்கல் கலராயிடுச்சே. இதுல நார்மல் எதுங்க?”

“ரெண்டுலயும் குளுக்கோஸ் போட்டுட்டேனுங்க மேடம். மறந்துட்டேன்.”

“நீங்களா? பீரோ சாவிய நான் எங்க வெச்சேன்னு எனக்கே ஞாபகப்படுத்தற ஆளு நீங்க!”

“வயசாவுதில்லீங்களா…”

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு மாணவிகள் சுற்றி நிற்க, எங்கள் கல்லூரி உயிர்வேதியியல் துறைத்தலைவர் சுமலதாவும் ஆய்வக உதவியாளர் நிசார் அகமதும் பேசிக்கொண்ட பேச்சு இது. மாணவிகள் சிரித்தார்கள். நிசாரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது எங்களுக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

அமிலத்தை அளந்து வார்த்தவரே! ஆத்திரத்தை ஒரு சொட்டும் சிந்தாதவரே! கண்ணாடிக் குழாயைக் கைக்குழந்தையைப் போல் கழுவித் துடைத்தவரே! பாப்பாரப்பட்டிப் பேருந்து பிந்தினாலும் பணிக்குப் பிந்தாத பண்பாளரே! இன்று பணி நிறைவு காணும் எங்கள் நிசார் அண்ணனே!

இந்தப் பாராட்டு மடலைக் கேட்கும் முன் முதலில் அமருங்கள். மேடையில் மெத்தை நாற்காலிகள் வரிசையாக இருக்க, உங்களுக்கு மட்டும் ஆய்வகத்து மர ஸ்டூலைப் போட்டது ஏன் என்று சபையோர் கேட்கலாம். கடைசி வரி வரை பொறுத்திருக்க வேண்டுகிறோம். உங்களை நேராகப் பார்த்துப் புகழ்ந்தால் தலையைக் குனிந்துகொள்வீர்கள். ஆகவே சபையைப் பார்த்துச் சொல்கிறோம். “பொண்ணுங்க கேக்கட்டும், எழுதுங்க” என்று நீங்கள் தந்த சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

எங்கள் துறையில் முதல் செய்முறை வகுப்பு சாப்பாட்டு டப்பாவிலிருந்து தொடங்கும். களியில் அயோடின் சொட்டினால் கருநீலமாகும், அது மாவுச்சத்து. முட்டையின் வெள்ளைக்கருவில் பையூரெட் கரைசல் ஊதாவாகும், அது புரதம். கடலை எண்ணெய் காகிதத்தில் விடும் வட்டம் கொழுப்பு. வெங்காயத்தை அரைத்து, சோப்பு நீரும் உப்பும் சேர்த்து வடித்து, மேலே குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றினால் வெண்ணூலாக மிதந்து வருவது டி.என்.ஏ. உயிர் என்பது இந்த நான்கு வகை மூலக்கூறுகளின் குடும்பம் என்று சுமலதா பாடம் சொல்வார். அந்தக் குடும்பத்துக்குப் பந்தி பரிமாறுவதுபோல் நிசார் எல்லாவற்றையும் எடுத்து வைப்பார்.

பிறகு வரும் பெனடிக்ட் சோதனை. நீலக் கரைசலில் சிறுநீர் சில சொட்டு விட்டுச் சூடாக்கினால், சர்க்கரை இல்லையேல் நீலமாகவே நிற்கும், மிகுதியாக இருந்தால் செங்கல் நிறமாகும். இரண்டு பாட்டில்கள் வேண்டும். ஒன்று அப்படியே, மற்றொன்றில் குளுக்கோஸ் கலந்து. இரண்டிலும் நிசார் காலையில் தம் சிறுநீரையே பிடித்து வைப்பார். துறை தொடங்கிய நாள் முதல் அதுவே வழக்கம். மாணவிகளின் ஏட்டில் ‘இயல்பானது’ என்று இருந்ததெல்லாம் அவர்தான். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைதான் அன்று மாணவிகள் முன்னால் சிவந்தது. ஒரு பாட்டிலில்தான் குளுக்கோஸ் போட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குழாயைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மறதிக்காரன் என்று பேர் வாங்கினாலும் வாங்கலாம், சர்க்கரைக்காரன் என்று வாங்கக் கூடாது என்று அந்த நொடியில் முடிவு செய்தார்.

காரணம் இருந்தது. சுமலதா வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்: “சர்க்கரை யாருக்கு வரும்?” தாமே பதிலும் சொல்வார்: “வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு!” வகுப்பே சிரிக்கும். பக்கத்து அறையில் குழாய் கழுவும் நிசாருக்கும் அது கேட்கும். போலீஸ் நிலையத்தில் வேலை செய்பவன் வீட்டிலேயே திருட்டுப் பொருள் அகப்பட்டதைப்போல் அவர் கூனிக் குறுகிப்போனார்.

தெரிந்தவர் கண்ணில் படாமல் பாலக்கோடு போய் மருத்துவரைப் பார்த்தார். மனைவி குல்ஷனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த ஆண்டு ‘இயல்பான’ பாட்டிலுக்கு, வத்தல்மலையிலிருந்து வந்து காவல் வேலை பார்க்கும் மல்லையனிடம் போய் நின்றார்.

“என்ன பாய், உன்னோடது என்னாச்சு?”

“எல்லாருக்கும் வாய்ப்புக் குடுக்கணுமில்ல?”

“அப்ப பட்டமளிப்பு விழாவுல எனக்கும் ஒரு அங்கி தைக்கச் சொல்லு. காலேஜுக்காக நானும் உழைக்கறேன்!”

மல்லையன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இன்சுலின் என்ற புரதம் குறைந்தாலோ, உடல் அதன் பேச்சைக் கேட்காமல் போனாலோ இரத்தத்தில் குளுக்கோஸ் தேங்கும் என்று கரும்பலகையில் படம் போடும் நாங்கள், பாட்டில் ஏன் கைமாறியது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. உயிரின் மூலக்கூறுகளில் வெட்கம் என்று ஒன்று இல்லை. அதை அவர் உடம்பில் சேர்த்தது நாங்கள்.

வாழ்த்தைக் கடைசியில் வைப்பது மரபு. நாங்கள் இங்கேயே வைத்துவிடுகிறோம், கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதால். அண்ணே, குல்ஷன் அண்ணியோடு நலமும் வளமும் சூழ நெடுங்காலம் வாழுங்கள்! பாலக்கோட்டுக்கு ஒளிந்து போகாமல், ஊரறிய மருத்துவம் பார்த்து வாழுங்கள்! உங்கள் முன் தலை தாழ்ந்து கையொப்பமிடுகிறோம், உயிர்வேதியியல் துறையார் அனைவரும்.

இனி, போன வாரம் நடந்தது.

ஆண்டிலும் பெயரிலும் பிழை இருக்கிறதா என்று பார்க்க, மடலின் முதல் படியை உரியவரிடமே வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். ஆய்வகத்திலேயே வாசித்தோம். நிசார் வழக்கம்போல் சுவரோரம் நின்று கேட்டார். “நாற்காலி நாடாத நல்லவரே! நின்ற காலிலேயே நெடும்பணி முடித்த நேர்மையே!” என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

“அந்த வரி மட்டும் வேண்டாங்க மேடம்.”

“ஏண்ணே? இருக்கறதுலயே அதுதாங்க நல்ல வரி. ஜெயபிரியா மேடம் ராவெல்லாம் யோசிச்சு எழுதினாங்க,” என்றார் சுமலதா.

“நல்லாத்தாங்க இருக்குது. ஆனா நெசமில்லீங்க.” அவர் தரையைப் பார்த்தபடி அந்தச் செங்கல் நிறக் குழாயிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். “கொஞ்ச வருசமா பாதம் ரெண்டும் எரியுதுங்க. தணல் மேல நிக்கறாப்ல இருக்கும். சர்க்கரையால நரம்பு கெட்டதுன்னு டாக்டர் சொல்றாரு. உக்கார எடம் கேட்டா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு கேட்டா சொல்லணும். அதுக்குத்தாங்க நின்னேன். நேர்மையெல்லாம் இல்லீங்க.”

மடலை எழுதிய எங்கள் துறை ஆசிரியர் ஜெயபிரியா கையிலிருந்த தாளை மடித்தார். மாணவிகளுக்கென்று போட்ட ஸ்டூல்கள் அறை முழுக்கக் காலியாக இருந்தன. ஒன்றையாவது இழுத்துப் போட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் அப்போதும் தோன்றவில்லை. வாசலில் மதிய வகுப்புப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

நிசார் நிமிர்ந்து, முதல்முறையாகச் சுமலதாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இன்னும் ஒரு பேட்ச் இருக்குதுங்க மேடம். எனக்கு ஒரு ஸ்டூலு குடுங்க. உக்காந்துக்கிட்டே முடிச்சுத் தர்றேன்.”