நான் கழற்றிய ஜம்பர்

யாரையும் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது, பிள்ளைகளே. எண்பத்தேழில் கோரிப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. வார்டுக் குழந்தைகளின் எடையை அதில் ஏற்றினால், மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சீட்டு அடித்துக் கொடுக்கும். எல்லாம் அடித்து முடிய நாற்பது நிமிடம் ஆகும்.

"ஜெயக்கொடி, இதுக்கு நம்ம சங்கிலியே தேவலை," என்றார் டாக்டர் சுப்பராமன். சங்கிலி கம்பவுண்டர், மனக்கணக்கிலேயே அளந்து கொடுப்பான். மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை.

மெஷினோடு வந்த புத்தகத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மெமரி சிப் ஒரு எழுத்தை எடுத்துக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்காக மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு நின்று வாங்கும். அந்த நிற்றலை வைத்திருப்பது போர்டில் ஜம்பர் என்று ஒரு சின்னக் கவ்வி. அதைக் கழற்றினேன். முப்பதே நிமிடத்தில் சீட்டுகள் வந்துவிட்டன. டாக்டர் என் மேசைக்கு மேலே ஃபேன் மாட்டச் சொன்னார்.

எங்கள் சிப்புகள் மெதுவானவை. சில நேரம் சிப் கொடுத்து முடிப்பதற்குள் மெஷின் பிடுங்கிக்கொள்ளும். பிழை என்று தெரிந்தால் அப்படியே நின்றுவிடும். நிற்காமலிருக்க ஒரு சுவிட்ச் இருந்தது. அதையும் தள்ளிவிட்டேன். அதன்பின் எப்போதாவது சீட்டில் ஒன்று என்ற எண் ஒன்பதாக வரும். பேனாவால் திருத்தி அனுப்பிவிடுவேன்.

ஆவணியில் ஒருநாள் டாக்டர் மெஷினைக் காட்டச் சென்னையிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். "கைபடாத சீட்டு," என்று எடுத்துக் காட்டினார். அதில் வண்டியூர் இருளாயியின் எட்டு மாதக் குழந்தைக்கு, இதய மருந்து ஒரு மில்லி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தது. பார்த்தேன். இவர்கள் போனபின் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர்கள் டீ குடித்தார்கள். அதற்குள் சீட்டு மருந்தறைக்குப் போய்விட்டது. சாயங்காலம் குழந்தை இறந்தது.

மருந்தறையில் கிடந்த சீட்டைக் கிழித்தேன். ஜம்பரைத் திரும்ப மாட்டினேன். விசாரணைக்கு வந்தவர்கள் மூன்று முறை அடித்துப் பார்த்தார்கள். மூன்று முறையும் ஒரு மில்லி என்றுதான் வந்தது. கொடுக்கும் முன் என்னிடம் வந்து கேட்டதாகச் சங்கிலி சொன்னான். வரவில்லை என்றேன். அவனுக்கு இரண்டு வருடம் போட்டார்கள்.

வந்தான். அன்றைக்கு விருந்தாளிகள் இருக்கும்போதே வாசலில் நின்று கேட்டான்.

"யக்கா, ஒம்போதுன்னு போட்டிருக்கு. பச்சப்பிள்ளைக்கு இம்புட்டா?"

"மெஷினு தப்பாச் சொல்லாது, சங்கிலி. சீட்டுப்படி குடு."

மெதுவாகத்தான் சொன்னேன், பிள்ளைகளே. அவனிடம் நான் ஒருநாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை.