எர்த்துக் குழிக்கு இரண்டு குடம்

எர்த்துக் குழிக்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை, சார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பங்கு மன்றத்தில் ஆல்பின் எலக்ட்ரிக் கிடார் பழகிய நாலு மாதமும் நான்தான் ஊற்றினேன்.

மற்ற வருடமாக இருந்தால் அதற்கு அவசியம் இருந்திருக்காது. மன்றத்தை ஒட்டி வாய்க்கால் ஓடும், மண் ஈரமாகவே இருக்கும். இரண்டு வருடமாக ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. குழியில் போட்ட உப்பும் கரியும் காய்ந்துவிட்டன. ஆம்ப்ளிஃபயர், ஆல்பினின் அண்ணன் ஜெரால்ட் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழையது. உள்ளே எங்கோ மின்கசிவு. கிடார் கம்பியில் டெஸ்டரை வைத்தால் அதன் விளக்கு எரிந்தது. அடிபம்பில் இரண்டு குடம் பிடித்துக் குழியில் ஊற்றியதும், கசிந்த கரன்ட் ஈர மண்ணில் இறங்கிவிட, அணைந்தது. நான் பி.எஸ்சி. இயற்பியல். காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

"படிச்சது வீண் போகலடி ரோஸு. கரன்ட் ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடச் சொல்றேன்" என்றான் ஆல்பின்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவன் வீடு. பாடகர் குழுவில் அவன் முன்னால் நிற்பான், நான் கடைசி வரிசை. என்னோடு அதிகம் பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

அவனிடம் ஒரு வெளிநாட்டு ராக் கேசட் இருந்தது. அதில் ஒரு பாட்டு. பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான், சொல் புரியாது. கிடார் மட்டும், சேற்றில் புதைந்த காலை இழுத்து இழுத்து வைப்பது போலக் கனமாக வரும். அவனுக்கு நிச்சயம் செய்திருந்த ஃபிளோரா சிங்கப்பூரில் நர்ஸ். அவளுக்குப் பிடித்த பாட்டு அது. ஆல்பினுக்கும் அங்கே தன் அண்ணனின் கடையில் வேலை தயாராக இருந்தது. "இத வாசிக்காம பிளேன் ஏற மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் காது போதாது. கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கிடார் கழுத்தில் எந்தக் கம்பி, எந்தக் கட்டை என்று நான் சொல்வேன். அவன் விரல் வைப்பான்.

முதல் நாளே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டில் ஆகத் தடித்த கம்பியை ஒரு சுரம் இறக்கி வைத்திருக்கிறார்கள். அப்படி இறக்கினால் ஒரே விரலை மூன்று கம்பிகள் மேல் படுக்க வைத்தே வாசித்துவிடலாம். இறக்காமல் எத்தனை நாள் பழகினாலும் பாட்டு உட்காராது.

நான் அதைச் சொல்லவில்லை.

மத்தியானங்களில் அவனுக்கு முன்பே மன்றத்துக்குப் போவேன். கம்பியை இறக்கி முழுப் பாட்டையும் வாசிப்பேன். பிறகு பழையபடி முறுக்கி வைத்துவிடுவேன். மாலையில் அவன் வருவான், தடுமாறுவான். "இன்னும் பழகணும்" என்பேன். நாலு மாதம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் அவைதான்.

மே மாதம் தஞ்சாவூரில் ஒரு கேசட் கடைக்காரர் அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே வந்தான். "தடிக் கம்பிய கொஞ்சம் எறக்குனா முடிஞ்சுது. நாலு மாசமா ரெண்டு பேரும் என்னத்தடி கேட்டோம்?" ரெண்டு பேரும் என்றான். என்னைச் சந்தேகப்படவே இல்லை.

ஆறு நாளில் பாட்டு வந்துவிட்டது. திருவிழாக் கலைநிகழ்ச்சியில் வாசிப்பதாகப் பெயர் கொடுத்தான். பாட்டில் ஆண்டவர் பெயர் உண்டா என்று ஃபாதர் கேட்டதற்கு, "இருக்கும் ஃபாதர், கத்துறதுல கேக்கல" என்றான். திருவிழா ஞாயிறு. சிங்கப்பூர் டிக்கெட் அடுத்த புதனுக்கு.

மேடையிலும் ஆம்ப்ளிஃபயருக்கு மன்றத்துக் கரன்டும் அதே எர்த்துக் குழியும்தான்; மைக் செட்டுக்குத் தனி எர்த்து. அந்த வாரம் மன்றம் முழுக்கப் பந்தல் சாமான்கள். அவன் வீட்டிலேயே, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பழகினான். திங்கள்கிழமையிலிருந்து நான் தண்ணீர் ஊற்றவில்லை.

வேறு எதையும் தொடவில்லை, சார். ஒயரை அறுக்கவில்லை. மைக்கில் வாய் வைக்கும்போது சுருக்கென்று இழுக்கும், பயந்து கிடாரைப் போட்டுவிடுவான், பாட்டு பாதியில் நிற்கும் என்று நினைத்தேன். வாசிக்காமல் பிளேன் ஏற மாட்டேன் என்று அவன்தானே சொன்னான். வியர்த்த உடம்பில் மின்தடை எவ்வளவு குறையும் என்பதும் எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன்.

மைக் செட் செல்லதுரையை நேற்றிலிருந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை அனுப்பிவிடுங்கள். அவர் ஒயர்களில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டேன்.

மேடை ஏறுமுன் ஆல்பின் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். இதோ, மேசையில் வைக்கிறேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரோஸு, தண்ணி ஊத்துனல்ல?"

"ஊத்திட்டேன்" என்றேன்.

"அப்பச் சரி" என்று ஏறிப் போனான்.

ஆரம்பத்தை முழுதாக வாசித்தான். பிறகு பாடுவதற்காக மைக்கை நெருங்கினான். மற்றதைப் பார்த்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஆரம்பத்திலேயே மூன்றாவது இடத்தில் அவன் விரல் கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது, சார். கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னும் ஒரு மாதம் என்னோடு பழகியிருந்தால் சரியாக வந்திருக்கும்.