தானாக முடிந்துபோன வேலை

என் பெயர் கிருபா, வயது 28, தகப்பனார் பெயர் ஜெரோம். போத்தனூரில் குடியிருக்கிறேன். கோவையில் லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் நான்கு வருடமாக ஆபீஸ் வேலை செய்கிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று 21.06.2025 காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

கம்பெனிக்கு வரும் புகார்களை நோட்டில் எழுதி வந்தோம். சென்ற மார்ச் மாதம் முதலாளி வரதராஜுலு சொன்னதன்பேரில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேலைப் பட்டியல் செயலி ஒன்றை நான் அமைத்து, மெக்கானிக்குகள் எல்லோரும் அவரவர் செல்போனில் பார்க்கும்படி செய்தேன். நாள் கடந்த வேலைகள் அதில் சிவப்பாகத் தெரியும். அதன் பிறகு முதலாளி தினமும் அதைப் பார்த்து, "ஏனம்மணி, இத்தன செவப்பு கெடக்குது? நாளைக்கு ஒண்ணுங்கூட என்ற கண்ணுல படக்கூடாது" என்று சத்தம் போட்டார். அதன் பிறகு, ஏழு நாள் கடந்த வேலை தானாகவே 'முடிந்தது' என்று மாறிப் பட்டியலிலிருந்து மறையும்படி அதில் செய்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் முதலாளி எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

09.06.2025 அன்று சுந்தராபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து, மூன்றாம் மாடியில் லிப்ட் வராமலே கதவு திறக்கிறது என்று புகார் வந்தது. அதை மெக்கானிக் பங்காரு பெயரில் ஏற்றினேன். அவர் அப்போது உடுமலைப்பேட்டையில் புது லிப்ட் மாட்டும் வேலையில் இருந்தார். 17ஆம் தேதி திரும்பி வந்து, "ஏனுங் கிருபா, அந்தக் கதவு வேலையப் பட்டியல்ல காணமுங்களே, ஆராச்சும் முடிச்சுபோட்டாங்களா?" என்று கேட்டார். நான் விசாரிக்காமலே, "முடிஞ்சுதுங்கண்ணா" என்றேன்.

19ஆம் தேதி காலை, அந்தக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் ராமாத்தாள், வயது 52, லிப்ட் நிற்கிறது என்று நினைத்து அந்தக் கதவைத் திறந்து கால் வைத்ததில் கீழே விழுந்து இடுப்பும் வலது காலும் முறிந்தன. செய்தி வந்ததும் நான் வேலை தானாக முடிந்ததாக மாறும் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டு, அந்தக் கதவு வேலையை முடித்தவர் என்ற இடத்தில் பங்காரு பெயரைப் போட்டேன். அதைப் பார்த்து அன்று மாலை போலீஸார் அவரை அழைத்துப் போனார்கள். போகும்போது என்னைப் பார்த்தார்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனியிலிருந்து வருவதாக மட்டும் ராமாத்தாளிடம் சொன்னேன். அவர், "உங்க மேல தப்பில்லீங் கண்ணு. நாந்தான் துணி மூட்டையோட பாக்காம கால வெச்சுபோட்டனுங்" என்றார். அதன் பிறகு வெளியே வந்து, பஸ் ஏறி, நேராக இங்கே வந்தேன்.

பங்காரு அந்த லிப்டைத் தொடவே இல்லை. அவர் முடித்ததாகப் போட்டது நான். மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை, அத்தனையும் நடந்ததே.

(ஒப்பம்)
ஜெ. கிருபா